ரிப்பன்: சொல்லிலிருந்து முடிச்சு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபேன்சி ஸ்டோரில் போய் "ரிப்பன் கொடுங்க" என்றால் கடைக்காரர் முதலில் கேட்பது "எதுக்கு?" என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சடைக்கு வாங்கும் ரிப்பன் பரிசுப் பெட்டிக்கு ஒத்துவராது. பெட்டிக்கு வாங்கியது இரண்டு முறை துவைத்தால் நூல் நூலாகப் போய்விடும். டைப்ரைட்டர் ரிப்பனும் பார்கோடு ரிப்பனும் தனி உலகம். ஒரே சொல்லுக்குள் இத்தனை சரக்கு இருப்பதால், சொல்லிலேயே தொடங்குவோம்.

சொல்லும் அதன் குழப்பங்களும்

ரிப்பன் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் இன்றைக்கும் ரிப்பனுக்கு 'ரூபான்' என்றுதான் பெயர். தமிழில் இதற்கு ஈடாக எழுதப்படும் சொல் நாடா. தட்டச்சு நாடா, ஒலிநாடா என்பதெல்லாம் அப்படி வந்தவை. ஆனால் பேச்சில் இரண்டும் ஒன்றல்ல. பாவாடைக்குள் ஓடுவது நாடா, சடையில் ஆடுவது ரிப்பன். ஒன்று இழுத்துக் கட்டி பாரம் தாங்க, மற்றது கண்ணுக்குத் தெரிய. பாவாடை நாடா அறுந்த அவசரத்தில் சாட்டின் ரிப்பனைக் கோத்துக் கட்டினால் அரை மணி நேரத்தில் முடிச்சு நழுவும். பருத்தி நாடாவில் நூலும் நூலும் உரசிப் பிடித்துக்கொள்ளும், சாட்டினில் அந்தப் பிடிமானம் கிடையாது.

நெசவாளர் வாயில் நாடா என்றால் இன்னொரு பொருள்: ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு தறியில் இங்குமங்கும் ஓடும் கட்டை. 1733-இல் ஜான் கே கண்டுபிடித்த 'பறக்கும் நாடா' என்று பள்ளிப் பாடத்தில் வருவது இதுதான். இன்றைக்கு ரிப்பன் பெரும்பாலும் நாடா இல்லாத் தறியில் நெய்யப்படுகிறது. அதாவது நாடா இல்லாமலே நாடா நெய்கிறார்கள்.

சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் வெள்ளை ரிப்பன் மாளிகைக்கும் துணி ரிப்பனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபுவின் பெயர் அது. மாநகராட்சிக்காகக் கட்டி 1913-இல் திறந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு உச்சரிப்பு. தமிழில் வந்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன.

துணி ரிப்பன் என்றால் என்ன

அகலத் துணியைக் கீற்றாகக் கிழித்தால் அது ரிப்பன் ஆகாது. இரண்டு பக்கமும் நெய்தே முடித்த ஓரம் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். பாவு நூல் நீளவாக்கில் ஓடுகிறது. ஊடை நூல் குறுக்கே போய், ஓரத்தில் திரும்பி, மறுபடி உள்ளே வருகிறது. திரும்பி வருவதால் ஓரம் பிரிவதில்லை. நாம் கத்தரி வைக்கும் நுனியில் அப்படித் திரும்பும் நூல் எதுவும் இல்லை. அதனால் ரிப்பனில் பிரிவது எப்போதும் நுனிதான். ஓரமே பிரிந்தால் அது நெய்த ரிப்பன் இல்லை, அகலத் துணியைச் சூட்டுக் கத்தியால் அறுத்து விற்கும் மலிவுச் சரக்கு. விளிம்பை நகத்தால் இரண்டு முறை சுரண்டினால் தெரிந்துவிடும். நெய்த ஓரம் மெத்தென்று இருக்கும். அறுத்த ஓரம் கரகரவென்று பிளாஸ்டிக் கம்பி போல உறுத்தும்.

சின்னத் தகவல் ஒன்று: இப்போதைய ஊசித் தறிகளில் ஊடை ஒரே பக்கத்திலிருந்து இரட்டை நூலாக நுழைகிறது. மறு ஓரத்தில் அதைச் சங்கிலித் தையல் போலப் பின்னிப் பூட்டுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் ரிப்பனின் ஒரு ஓரம் வழவழப்பாகவும், மற்றது பொடிப் பின்னலாகவும் தெரியும். அந்தப் பின்னல் ஓரத்தில் கத்தரி பட்டு நூல் அறுந்தால், உல்லன் ஸ்வெட்டர் பிரிவதுபோல ஓரமும் ஓடத் தொடங்கும். தைக்கும்போதும் வெட்டும்போதும் ஓரத்தை நறுக்கிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

வகைகளில் முக்கியமானது சாட்டின். பாவு நூல் ஒரே தாவலில் நான்கு ஊடைக்கோ அதற்கு மேலோ தாண்டிப் போய்த்தான் ஒரு முறை அடியில் இறங்கும். நீள நீளமாக நூல் மேலே கிடப்பதால்தான் பளபளப்பு. நகமோ மோதிரமோ பட்டால் நூல் இழுத்துக்கொண்டு வருவதும் அதனாலேயே. ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் 'சிங்கிள் சாட்டின்'. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் 'டபுள் சாட்டின்'. விலையில் டபுள் கூடுதல்தான். ஆனால் பூ முடிச்சுப் போடுகிற எந்த வேலைக்கும் அதையே வாங்குங்கள். ஏன் என்று முடிச்சுப் பகுதியில் தெரியும்.

குறுக்கே வரிவரியாகத் தடித்திருக்கும் ரிப்பன் (குரோகிரைன் என்பார்கள்) வழுக்காது, உழைக்கும். பள்ளிக்குத் தினமும் கட்ட அதுதான் சரி. ஆர்கன்சா கண்ணாடி போல மெல்லிசு. நிற்கும், ஆனால் கசங்கினால் நேராகாது. வெல்வெட் ரிப்பனில் முடிச்சுப் போடக் கூடாது, தைக்கவோ ஒட்டவோ வேண்டும். ஓரத்தில் மெல்லிய கம்பி ஓடும் ரிப்பன் அலங்காரத்துக்கு. அதை நெருப்பருகில் கொண்டுபோகாமல் கம்பியை நுனியில் உள்பக்கமாக வளைத்து மடித்து விடுங்கள். கிஃப்ட் கடைகளில் சுருட்டி விடும் பிளாஸ்டிக் ரிப்பன் நெய்ததே இல்லை. அது பாலிபுரொப்பிலீன் தாள்.

வாங்கும்போது

அகலம்தான் முதல் முடிவு. அழைப்பிதழுக்கும் புத்தகத்துக்கும் 3 முதல் 6 மி.மீ. சிறு பெட்டிக்கும் பேட்ஜுக்கும் 10 முதல் 12. சடைக்கு 20 முதல் 25. பெரிய பெட்டி, கூடைக்கு 38. திறப்பு விழாவுக்கு 50-க்குக் குறையாமல். கடைகளில் இதையே கால் இஞ்சு, அரை இஞ்சு, ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு, இரண்டு இஞ்சு என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

முழுச் சுருளாக வாங்கினால் பெரும்பாலும் 25 கெஜம் அல்லது 100 கெஜம். 25 கெஜம் என்பது 22.86 மீட்டர். 25 மீட்டர் என்று கணக்குப் போட்டு ஆண்டு விழாவுக்கு ஐம்பது பேட்ஜ் தைக்க உட்கார்ந்தால் கடைசி நாலைந்துக்குக் குறையும். மறுபடி வாங்கப் போனால் அதே சிவப்பு கிடைக்காது. சாயம் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ஒரு சாயல் மாறும். ஒரு வேலைக்கு வேண்டியதை ஒரே சுருளில் எடுத்துக்கொள்வது நல்லது.

கடையிலேயே செய்து பார்க்கக் கூடியவை: ஒரு அங்குலத்தை இரு கையாலும் குறுக்கே பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் விலகி இடைவெளி தெரிந்தால் நெசவு தளர்வு, தையலைத் தாங்காது. விரலில் எச்சில் தொட்டு வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளைச் சீருடைப் பக்கமே அது போகக் கூடாது. சுருளின் வெளிச் சுற்று மட்டும் வெளுத்திருந்தால், வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நெடுநாள் கிடந்த சரக்கு.

வெட்டுதல், நுனி அடைத்தல்

நுனிதான் பிரியும் என்றோம். அதற்கு இரண்டு தற்காப்பு: வெட்டும் விதம், அடைக்கும் விதம்.

நேராகக் குறுக்கே வெட்டினால் ஊடை நூல் முழு நீளத்துக்கும் தளர்ந்து ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். 45 பாகையில் சாய்த்து வெட்டினால் எந்த நூலும் முழுசாக வெளியே வர முடியாது, பிரிவது மெதுவாகும். மீன்வால் வெட்டு வேண்டுமென்றால் ரிப்பனை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். கத்தரியை ஓரப் பக்கத்தில் நுனிக்கு அருகே வைத்து, மடிப்பை நோக்கி மேலே சாய்வாகப் போங்கள். மடிப்பில் வெட்டு ஆழமாக இருக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் மீன்வாலுக்குப் பதில் ஈட்டி முனை வரும். தாள் வெட்டிய கத்தரி வேண்டாம். கூர் மழுங்கிய கத்தரி சாட்டினை வெட்டாமல் மடித்துக் கடிக்கும்.

அடைப்பதற்கு முன் அது என்ன நூல் என்று தெரிய வேண்டும். அரை அங்குலத் துண்டை இடுக்கியால் பிடித்து எரித்துப் பாருங்கள்.

பாலியஸ்டரும் நைலானும் சுருங்கி உருகும், ஆறியதும் நகத்தால் உடைக்க முடியாத மணியாகும். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியாகும். ரேயானும் பருத்தியும் காகிதம் போலப் பற்றிக்கொள்ளும்.

உருகும் ரிப்பனுக்கு நெருப்பு போதும்:

1. புதிதாக வெட்டிய நுனியைச் சுடர் நோக்கி, ஆனால் சுடருக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். சுடருக்கு மேலே பிடிக்க வேண்டாம்.
2. மெழுகுவர்த்தியின் அடியில் நீலமாகத் தெரியும் இடத்துக்கு ஒரு செ.மீ. தள்ளி, இடமிருந்து வலமாக ஒரே ஓட்டம். ஒரு நொடிக்குள் முடிந்துவிட வேண்டும்.
3. நுனி மெல்லிய பளபளப்புக் கோடாக மாறும். அங்கேயே நிறுத்துங்கள். உருகிய நுனியை விரலால் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டு சுடும்.

வெள்ளை ரிப்பன் நுனி கறுத்தால் மஞ்சள் சுடரின் புகைக்கரி பட்டிருக்கிறது. கேஸ் லைட்டரில் இந்தத் தொல்லை குறைவு. நுனி குவிந்து அலை அலையாகச் சுருங்கினால் நேரம் அதிகமாகிவிட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். பாலியஸ்டர் 250 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும், நைலான் பல சமயம் அதற்குச் சற்று முன்பே. மெல்லிய ஆர்கன்சாவுக்கு அரை நொடியே அதிகம்.

பட்டு, ரேயான், பருத்தி ரிப்பனை நெருப்பில் காட்டவே கூடாது. நிறமில்லாத நகப் பூச்சைப் பல்குத்தும் குச்சியால் நுனியில் ஒரு மயிரிழை அளவு தடவி, இரு பக்கமும் காய விடுங்கள். தூரிகையால் நேரே தடவினால் அது உறிஞ்சி அரை அங்குலத்துக்கு ஈரக்கறை போல நிற்கும்.

பூ முடிச்சு ஏன் கோணலாகிறது

பட்டாம்பூச்சி போலக் கிடையாக உட்கார வேண்டிய முடிச்சு சிலர் கையில் எப்போதும் செங்குத்தாகத் திரும்பிக்கொள்ளும். அவசரமோ கைராசியோ காரணமில்லை. இரண்டு சுற்றும் ஒரே திசையில் போனதுதான் காரணம். முதல் சுற்றில் இடது நுனி வலதின் மேல் ஏறியிருந்தால், காது (முடிச்சின் இரு பக்கமும் நிற்கும் வளையம்) வளைத்துப் போடும் இரண்டாவது சுற்றில் வலது இடதின் மேல் ஏற வேண்டும். ஒரே திசையில் போட்டால் முடிச்சு கோணும், இழுத்தால் நழுவவும் செய்யும். செருப்புக் கயிறு, ஷூ லேஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

சிங்கிள் சாட்டினில் இன்னொரு சிக்கல். காது வளைத்துச் சுற்றியதும் ஒரு பக்கம் மங்கலான உட்புறம் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு காதும் வளைந்ததும் முடிச்சுக்குள் போகும் இடத்தில் ரிப்பனை அரைச் சுற்று முறுக்கி விட்டால் பளபளப்பு வெளியே வரும். இதைக் காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேனுக்கு முன்னால் செய்ய முடியாது என்பதால்தான் டபுள் சாட்டின் வாங்கச் சொன்னது.

இரட்டைச் சடைக்கு ரிப்பன்

ஒரு சடைக்கு 25 மி.மீ. அகலத்தில் ஒரு மீட்டர். கணக்கு இப்படி: 6 செ.மீ. நீளமுள்ள இரண்டு காதுக்கு 24, தொங்கும் நுனிகளுக்கு 16, சடையோடு பின்னிப் போகும் பகுதிக்கு 24, மேலே சுற்றிக் கட்ட 20, முடிச்சுக்கு 6. மொத்தம் 90 செ.மீ. முடி அடர்த்தியாக இருந்தால் மீதி பத்தும் சரியாகப் போய்விடும்.

1. நடு வகிடு எடுத்து, காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மூன்று காலாகப் பிரித்துப் பின்னத் தொடங்குங்கள். தொடக்கம் காதின் மேல் மட்டத்துக்கு அருகே இருந்தால் மடித்துக் கட்டிய பிறகு சடை கழுத்தில் உரசாது.
2. நுனிக்கு நான்கு விரற்கடை இருக்கும்போது நிறுத்துங்கள். ரிப்பனை நடுவில் மடித்து, அந்த மடிப்பை நடுக்காலின் அடியில் கொடுங்கள். இரு பாதியும் இரு வெளிக்கால்களோடு சேர்ந்துகொள்ளும்.
3. ரிப்பனை முடியோடு சேர்த்தே பின்னி நுனிவரை போங்கள். ரிப்பன் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் போக வேண்டும். முடிந்த இடத்தில் ஒரு நுனியை இரண்டு சுற்று சுற்றி ஒற்றை முடிச்சு.
4. சடையை மேலே மடித்து, நுனி சடையின் உள்பக்கம் ஒளியும்படி வேருக்கு அருகே கொண்டுவந்து, ரிப்பனை அடிச்சடையைச் சுற்றிக் கட்டுங்கள். பிறகு பூ முடிச்சு.

மதியத்துக்குள் அவிழ்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு சாட்டினைத் தொட்டால் முடிச்சு நிற்காது. கையைத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள், அல்லது வரி போட்ட ரிப்பனுக்கு மாறுங்கள். அவிழாமல் இருக்கட்டும் என்று நெற்றி இழுபடும் அளவுக்கு இறுக்குவது தவறு. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்தால் வகிடோரமும் காதோரமும் முடி மெலியும். சடை வேரில் ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும்.

பரிசுப் பெட்டிக்கு எவ்வளவு வெட்டுவது

பெட்டியின் நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, உயரம் நான்கு மடங்கு. இதனுடன் பூ முடிச்சுக்கு 70 செ.மீ. உதாரணமாக 30 × 20 × 10 செ.மீ. பெட்டிக்கு 60 + 40 + 40 = 140, முடிச்சோடு 210 செ.மீ. அந்த 70-இல் 10 செ.மீ. நீளமுள்ள இரண்டு காது 40, இரண்டு நுனி 20, முடிச்சு தின்பது 10. அகலமான ரிப்பனுக்கு முடிச்சு இன்னும் கூடத் தின்னும். 38 மி.மீ. என்றால் 10 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்பனின் நடுவைப் பெட்டியின் மேல் நீளவாக்கில் வைத்து, இரு பாதியையும் அடிக்குக் கொண்டுபோய், அடியில் ஒன்றோடொன்று கொக்கி போட்டு 90 பாகை திருப்பி, அகலவாக்கில் மேலே ஏற்றி, மேலே கிடக்கும் ரிப்பனுக்கு அடியில் ஒரு நுனியைக் கொடுத்துக் கட்ட வேண்டும். அடியில் திருப்பும் இடத்தில் புடைப்பு வந்தால் பெட்டி ஆடும். திருப்பிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் படிய வைத்துவிட்டு மேலே போங்கள்.

பிளாஸ்டிக் ரிப்பனைச் சுருட்ட, கத்தரியின் அலகை அடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேகம். சர்ரென்று இழுத்தால் சுருள் தளர்வாக வரும். நிதானமாக இழுத்தால் இறுக்கமாக வரும். அலகின் மேல் வளையும்போது வெளிப்புறம் நீண்டுபோகிறது. அந்த நீட்சி நிலைக்க நேரம் வேண்டும்.

துணி ரோஜா, தையல் இல்லாமல் பாதி

60 செ.மீ. நீளம், 25 மி.மீ. அகல டபுள் சாட்டின். நடுவில் செங்கோணமாக மடியுங்கள். ரிப்பனின் ஒரு கை கிழக்கே, மறு கை தெற்கே நிற்கும். அடியில் உள்ள ரிப்பன் கையை மேலே மடியுங்கள், பிறகு மற்றதை, மாறி மாறி, பனை ஓலைக் கிலுகிலுப்பை முடைவதுபோல. சதுர அடுக்கு உயர்ந்துகொண்டே வரும். ஏறக்குறைய 20 மடிப்பில் இரு பக்கமும் 5 செ.மீ. மிஞ்சும். இப்போது இரு நுனியையும் சேர்த்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு அடுக்கை விட்டுவிடுங்கள். அது எழும்பிச் சுருள்வில் போல நிற்கும். ஒரு நுனியை மட்டும் மெல்ல இழுங்கள். நடுவில் மடிப்புகள் உள்வாங்கி மொட்டு உருவாகும். மொட்டு இறுகியது தெரிந்ததும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு விரற்கடை இழுத்தால் பூ முழுக்க உள்ளே போய் வெறும் ரிப்பன் கையில் இருக்கும். அடியில் நான்கு தையல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நுனிகளை வெட்டி அடையுங்கள்.

திறப்பு விழா ரிப்பன்

மேடையில் சிறப்பு விருந்தினர் கத்தரியோடு மல்லுக்கட்டும் காட்சி நமக்குப் புதிதல்ல. தவறு விருந்தினருடையது இல்லை, ஏற்பாடு செய்தவருடையது. தட்டில் வைக்கும் பளபளப்பான கத்தரியைப் பெரும்பாலும் யாரும் வெட்டிப் பார்ப்பதே இல்லை. ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தால் நல்ல கத்தரியும் அதை மடித்து வாய்க்குள் வைத்துக்கொள்ளும்.

50 முதல் 75 மி.மீ. அகலத்தில் வாசல் அகலத்தோடு ஒரு மீட்டர் கூடுதலாக எடுங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் பெரிய பூ முடிச்சைத் தனியாகச் செய்து ஊசியால் குத்துங்கள். வெட்டும் இடம் பூவுக்கு ஒரு கை தள்ளி. பூவின் மேல் கத்தரி வைத்தால் நாலு மடிப்பை வெட்ட வேண்டியிருக்கும். தையல்காரரின் பெரிய கத்தரியை வாங்கி, அதே ரிப்பனின் மிச்சத்தில் முன்கூட்டி ஒரு முறை வெட்டிப் பார்த்து, அதையே தட்டில் வையுங்கள். பக்கத்தில் எரியும் குத்துவிளக்குக்கும் ரிப்பனுக்கும் இரண்டடியாவது இடைவெளி வேண்டும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும்.

அடையாள ரிப்பன்

எய்ட்ஸ் விழிப்புணர்வின் சிவப்பு ரிப்பன் 1991-இல் நியூயார்க் கலைஞர்கள் சிலர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எளிதில் செய்துகொள்ளும்படி வேண்டுமென்றே எளிமையாக விட்டார்கள். 10 மி.மீ. ரிப்பன் 15 செ.மீ. வெட்டி, மேலே காது போல வளைத்து, கீழே இரு காலையும் குறுக்கே போட்டு, குறுக்கிடும் இடத்தில் ஊக்கு. உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1-க்கு நூறு செய்வதென்றால் 15 மீட்டர், அடைக்கும்போது கெடுவதற்கு இன்னும் ஒரு மீட்டர். ஊக்கை மேல் வளைவில் குத்தினால் குறுக்கே போட்ட கால்கள் பிரிந்துவிடும்.

புத்தகத்தில் வைக்கும் ரிப்பன்

பைண்டிங்கில் முதுகுப் பக்கம் ஒட்டும் அடையாள ரிப்பனுக்கு 4 முதல் 6 மி.மீ. போதும். நீளம், பக்கத்தின் மூலைவிட்ட அளவுடன் 4 செ.மீ. கூட்டியது. அதற்கும் மேலே ஒட்டுவதற்கு 3 செ.மீ. மூலைவிட்ட அளவுக்குக் குறைந்தால் பக்கத்தைத் திறக்கப் பிடித்து இழுக்க வழி இருக்காது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் பட்டு ரிப்பன் நெசவில் பேர்போனது. 1860-இல் பிரான்ஸுடன் போட்ட ஒப்பந்தத்தில் பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த வரி போனதும், அந்தத் தொழில் படுத்தது. அப்போது தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் ஜக்கார்டு தறியில் படமும் எழுத்தும் நெய்த பட்டு அடையாள ரிப்பன்களை விற்றுப் பிழைத்தார். இன்று அவை சேகரிப்பாளர் பொருள்.

இயந்திரத்துக்குள் ஓடும் ரிப்பன்

தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் தேர்வு நெடுங்காலம் கை இயந்திரத்தில் நடந்ததால் டைப்ரைட்டர் ரிப்பனுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. அகலம் 13 மி.மீ. கறுப்பு, சிவப்பு இரண்டும் சேர்ந்த ரிப்பனில் கறுப்பு மேலே, சிவப்பு கீழே. மாற்றும்முன் பழையது எந்தப் பக்கம் சுற்றி எந்தக் கொக்கிக்குள் போகிறது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் மிச்சம். ரிப்பனின் இரு முனையருகிலும் சின்ன உலோகக் கண் இருக்கும். அது வந்து இடிக்கும்போதுதான் இயந்திரம் ஓட்டத்தைத் திருப்புகிறது. கண் இல்லாத ரிப்பன் கடைசியில் நின்றுபோய், ஒரே இடத்தில் அடி வாங்கிக் கிழியும். எழுத்தின் மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி சிவப்பு என்று விழுந்தால், அச்சுப் படும் இடத்தில் ரிப்பனைத் தூக்கும் தகட்டுக்குள் அது சரியாக உட்காரவில்லை என்று பொருள். எழுத்தே விழாமல் விசை மட்டும் அடித்தால் நிறம் மாற்றும் குமிழ் வெள்ளைப் புள்ளியில், அதாவது ஸ்டென்சில் நிலையில் இருக்கிறது. மங்கிய ரிப்பனில் ஸ்டாம்ப் பேடு மை ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. தண்ணீர் மை ஒரு நாளில் காய்ந்துவிடும். டைப்ரைட்டருக்கு எண்ணெய் கலந்த மைதான் ஆகும்.

கடைகளில் விலைச்சீட்டு அடிக்கும் பார்கோடு ரிப்பனில் மெழுகு, மெழுகு-ரெசின், ரெசின் என்று மூன்று தரம். காகிதச் சீட்டுக்கு மெழுகு போதும். பிளாஸ்டிக் சீட்டில் மெழுகு அடித்தால் விரலால் தேய்த்ததும் அழியும், ரெசின் வேண்டும். மை எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் செல்லோ டேப்பை ஒட்டி உரியுங்கள். கறுப்பு ஒட்டி வந்த பக்கம்தான் சீட்டைப் பார்க்க வேண்டும். ரிப்பன் சீட்டைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும், இல்லையேல் பிரிண்டரின் சூடாகும் அச்சுத் தலை நேராகச் சீட்டில் உரசித் தேயும். சாய்வாக வெள்ளைக் கோடு விழுந்தால் ரிப்பன் சுருங்கி ஓடுகிறது. ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கோடா

ரிப்பன் பக்கோடா, நாடா பக்கோடா, ஓலை பக்கோடா எல்லாம் ஒன்றுதான். அரிசி மாவு 2 கப், கடலை மாவு 1 கப், உருக்காத வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம். மாவில் வெண்ணெயைப் பிசறிய பிறகே தண்ணீர். கீறல் அச்சு மெலிது என்பதால் முழு எள்ளும் ஓமமும் அடைத்துக்கொள்ளும். ஓமத்தை அரைத்து வடிகட்டிச் சேருங்கள். கடலை மாவு கூடினால் எண்ணெய் குடித்து மெத்தென்று போகும். வெண்ணெய் குறைந்தால் பல்லுக்கு வேலை. ஓரம் பிசிறாக வந்தால் மாவு காய்ந்திருக்கிறது, கையில் தண்ணீர் தொட்டு மறுபடி பிசையுங்கள்.

துவைத்து வைத்தல்

சிவப்பு, கருநீல ரிப்பனைச் சீருடையோடு ஊற வைக்காதீர்கள். தனியாக, குளிர்ந்த நீரில், சோப்பு நுரையில் விரலால் அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து ஒற்றி எடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு எவர்சில்வர் டம்ளரின் மேல் இழுத்துச் சுற்றி விட்டால் காய்ந்ததும் இஸ்திரியே தேவைப்படாது. இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி போட்ட குறைந்த சூட்டில், மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து. சூடு ஏறினால் சாட்டினில் இஸ்திரிப் பெட்டியின் தடம் கண்ணாடி போலப் பதிந்துவிடும், அது போகாது.

சுருளின் நுனியைக் குண்டூசியால் குத்தி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் ஊசி துருவேறி, அடியில் உள்ள நாலைந்து சுற்றுக்கும் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். நேராக டேப் ஒட்டினால் பிசின் ஊறும். இரண்டு விரல் அகலத் தாளைச் சுருளைச் சுற்றி வளைத்து, டேப்பைத் தாளின்மேல் மட்டும் ஒட்டுங்கள். அந்தத் தாளிலேயே அகலம், எத்தனை மீட்டர் மிச்சம், சிங்கிளா டபுளா என்று எழுதி வைக்கலாம்.